ஹெட்ஸ்பேஸ்: ‘தலைவெளி’ வேண்டாம், ‘அமர்வளவு’ என்று வைத்துக்கொள்வோம்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

> லீ-என்ஃபீல்டு நம்பர் 4 ரைபிள் ஒன்றை அண்மையில் வாங்கினேன். பழைய இராணுவ ரைபிளை அடையாளம் காண்பது, அதன் தரம் பார்ப்பது பற்றித் தமிழில் ஒரு வழிகாட்டி எழுதிவருகிறேன். ஹெட்ஸ்பேஸ் என்பதைத் ‘தலைவெளி’ எனலாமா?

ஐயா, அந்தச் சொல்லை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஹெட்ஸ்பேஸ் என்பது, குழலின் அறையில் தோட்டா தட்டி நிற்கும் இடத்திலிருந்து, அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகம் வரையுள்ள தூரம். ஓசையில் எனக்குக் குறையில்லை. படிப்பவர் தவறான முனையைப் பார்ப்பார் என்பதுதான் என் கவலை.

தோட்டாவின் தலை எது என்று தமிழரிடம் கேட்டால் கூர்மையான முன்முனையைத்தான் காட்டுவார். ஆங்கில வழக்கில் ‘ஹெட்’ என்பது அதற்கு நேர் எதிரான முனை, அதாவது வெடிமூடி பொருந்தியிருக்கும் தட்டையான அடிப்பக்கம். ‘தலைவெளி’ என்று படித்தவர், குண்டின் நுனிக்கும் குழலில் புரிகள் (குண்டைச் சுழலவிடும் சுருள் பள்ளங்கள்) தொடங்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள தூரத்தை நினைத்துக்கொள்வார். அப்படி ஒரு தூரமும் இருக்கிறது. ஆனால் அது வேறு செய்தி. போதாக்குறைக்கு, உங்கள் நம்பர் 4 ரைபிளில் போல்ட்டின் முனையில் திருகிப் பொருத்திய தனி உறுப்புக்கே ‘போல்ட் தலை’ என்றுதான் பெயர். ஒரே பத்தியில் இரண்டு தலைகள் வந்தால் எதைச் சொல்கிறோம் என்று யாருக்கும் புரியாது.

> அப்படியானால் ‘இடைவெளி’ போதுமே? போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் நடுவில் உள்ளதுதானே?

அதுவும் பொருந்தாது. உங்கள் ரைபிளையே எடுத்துக்கொள்வோம். .303 தோட்டாவின் அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு, குழலின் பின்முகத்தில் தட்டி நிற்கிறது. அந்த முகத்திலிருந்து, பூட்டிய போல்ட்டின் முகம் வரையுள்ள தூரமே நாம் பெயர் தேடும் அளவு. பிரிட்டன் இராணுவம் அதற்கு வைத்த எல்லை 0.064 அங்குலம் முதல் 0.074 அங்குலம் வரை. தோட்டா விளிம்பின் தடிமன் அதிகபட்சம் 0.064 அங்குலம். அளவு 0.064 உள்ள ரைபிளில் 0.064 தடிமனுள்ள விளிம்பு போய் நின்றால் இடைவெளி என்று எதுவும் மிஞ்சாது. ஆனால் ஹெட்ஸ்பேஸ் அதே 0.064 தான். ரைபிளின் அளவு ஒன்று, தோட்டா போய் நின்றபின் மிஞ்சும் தளர்வு இன்னொன்று. இவற்றுக்கு இரண்டு சொற்கள் வேண்டும்.

தோட்டா எங்கே தட்டி நிற்கிறது என்பதும் வகைக்கு வகை மாறுகிறது. .303, மோசின்-நகான்ட் ரைபிளின் 7.62×54 ஆகியவற்றில் விளிம்பு, மவுசரின் 7.92×57, ஸ்பிரிங்ஃபீல்டின் .30-06 போன்ற விளிம்பு நீட்டாத தோட்டாக்களில் தோள், அதாவது உறை கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவு. சில பெரிய வேட்டைத் தோட்டாக்களில் இடுப்புப் பட்டை. ஆகவே ‘விளிம்பளவு’, ‘தோளளவு’ என்று ஓர் உறுப்பின் பெயரில் சொல் ஆக்கினால் அடுத்த ரைபிளிலேயே அது உதவாமல் போகும். இவை அனைத்துக்கும் பொதுவானது, தோட்டா அறையில் போய் அமர்வது. எனவே என் பரிந்துரை அமர்வளவு. மிஞ்சுவதற்கு அமர்வுத் தளர்வு.

‘அமர்வாழம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல சொல்தான், ஆனால் தோட்டாவை வீட்டில் நிரப்புபவர்களுக்கு, குண்டை உறைக்குள் எவ்வளவு ஆழம் இறக்குவது என்பதைக் குறிக்க அது தேவைப்படும். அதை அவர்களுக்கே விட்டுவிடலாம்.

அளவிடும் கருவிகளின் பெயர்களையும் இதனோடு சேர்த்தே முடித்துவிடலாம். குறைந்தபட்ச அளவுக்குச் செய்த உருளையை வைத்தால் போல்ட் மூட வேண்டும்: ஏற்பளவி. அதைவிடச் சற்றுக் கூடிய அளவுள்ள அடுத்ததில் மூடக் கூடாது: மறுப்பளவி. மூன்றாவது, படையில் இருக்கும் ரைபிளுக்கான கடைசி எல்லை: கள அளவி. இதிலும் போல்ட் மூடினால் அந்த ரைபிளால் சுடக் கூடாது. தளர்வு மிகுந்தால் சுடும்போது பித்தளை உறை பின்னோக்கி இழுபட்டு, அடிக்குச் சற்று மேலே மெலிந்து, கடைசியில் இரண்டாகப் பிரியும். சுடுவாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். சுட்ட உறையில் அந்த இடத்தில் பளபளப்பான வளையம் தெரிந்தால் அதுவே முன்னறிவிப்பு. வழிகாட்டியில் இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள் ஐயா. அளவி இல்லாதவர் துப்பாக்கிக் கம்மியரிடம் கொண்டுபோக வேண்டும் என்பதையும் மறக்காமல் சேருங்கள்.

நம்பர் 4 ரைபிளுக்கான போல்ட் தலைகள் 0, 1, 2, 3 என்று எண்ணிட்டு, ஒன்றைவிட ஒன்று சற்று நீளமாக வந்தன. அமர்வளவு கூடிவிட்டால் கம்மியர் அடுத்த எண்ணை மாட்டிச் சரிசெய்வார். 3 என்ற எண் ஏற்கெனவே மாட்டியிருந்தும் கள அளவியில் போல்ட் மூடுகிறதென்றால், தேய்மானத்தைச் சரிசெய்ய எளிய வழி தீர்ந்துவிட்டது என்று பொருள். வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டிய எண்களில் இதுவும் ஒன்று.

எண் என்றதும் அடுத்த சொல் வந்து நிற்கிறது. போல்ட் பிடியின் பின்புறமும், ரைபிளின் உடல் (போல்ட் உள்ளே ஓடும் எஃகுப் பகுதி) கழுத்திலும் ஒரே வரிசை எண் இருப்பதற்கு எண்ணிசைவு என்று முன்மொழிகிறேன். சேகரிப்பாளர்கள் இதை விலைக்காகப் பார்க்கிறார்கள். எனக்கு அது இரண்டாம் காரணம். போல்ட்டின் பூட்டுப் பற்கள் அந்த உடலோடு ஒத்துப் பொருந்தும்படி ஆலையில் சரிபார்க்கப்பட்டவை. வேறு ரைபிளின் போல்ட் வந்திருந்தால் அந்தப் பொருத்தமும் அமர்வளவும் ஐயத்துக்குரியவை. எண்ணிசைவு இருந்தாலும் அளவியை வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

> சோவியத் கிடங்குகளில் மறுபடி எண்ணிட்ட மவுசர்களைப் ‘போலி இசைவு’ எனலாமா?

கூடாது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய ரைபிள்களைச் சோவியத் கிடங்குகளில் கழற்றிச் சுத்தம் செய்து, கிடைத்த உறுப்புகளைக் கோத்து, உடலின் எண்ணை அவற்றின்மேல் பொறித்தார்கள். அது கிடங்கின் கணக்குக்காகச் செய்தது. யாரையும் ஏமாற்ற நினைத்ததல்ல. பின்னிசைவு என்றால் பழி சேராமல் உண்மை மட்டும் நிற்கும். ‘போலி’ என்ற சொல்லை, விற்பவர் தானே எண்ணை வெட்டும் இடத்துக்கு வைத்துக்கொள்வோம்.

உங்கள் ரைபிளில் உள்ள பொறிப்புகளை அனுப்பியிருந்தீர்கள். எம்47சி என்பது இங்கிலாந்தின் ஷெர்லியில் இருந்த பி.எஸ்.ஏ. (பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்) ஆலையின் போர்க்காலக் குறியீடு. 1943 செய்த ஆண்டு. எஃப்.டி.ஆர். என்பது ரைபிள் ஆலைக்குத் திரும்பி முழுமையாகப் பழுதுபார்க்கப்பட்டதைச் சொல்கிறது. ஆலைச் செப்பம் என்று எழுதலாம். எங்காவது டி.பி. என்று பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் என ஒதுக்கியதன் குறி. அதைச் சுடுவதற்கு எண்ணவே வேண்டாம்.

அடையாளமும் தரமும் தனித்தனி அத்தியாயங்கள் என்று பிரித்திருக்கிறீர்கள். நான் சேர்த்தே வைப்பேன். அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டில், ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையின் வரிசை எண் 8,00,000க்குக் கீழும், ராக் ஐலண்டு ஆலையின் எண் 2,85,507க்குக் கீழும் இருப்பவை ஐயத்துக்குரியவை. உலையின் சூட்டைத் தொழிலாளர் கண்ணால் மதிப்பிட்ட காலம் அது. சில உடல்கள் மிகைச் சூட்டில் நொறுங்கும் தன்மை பெற்றுவிட்டன. அங்கே எண்ணைப் படிப்பதே தரம் பார்ப்பதாகிவிடுகிறது.

இன்னும் முடிவுக்கு வராத சொல் ஒன்று உண்டு. குழல் வாயில் புரிகள் முடியும் இடத்தைச் சீராகக் கடைந்த ஓரத்துக்கு ‘விளிம்பு’ என்றால் தோட்டாவின் விளிம்போடு மோதுகிறது. ‘வாய்க்கரை’ என்று நினைத்திருக்கிறேன். கடைசல் பட்டறையில் இந்த ஓரத்துக்கு வழங்கும் சொல் ஏதேனும் குழுமத்தில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். புழக்கத்தில் இருப்பது கிடைத்தால் என்னுடையதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்.