ஃபைப்ரோமயால்ஜியாவுக்குக் கைரோபிராக்டரிடம் தொடர்ந்து போகலாமா?

அடுப்படி (ஸ்காபரோ, கனடா) கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 46. பேக்கரி ஒன்றில் பொதி கட்டும் லைனில் பதினொரு வருடமாக நிற்கிறேன். இரண்டு வருடத்துக்கு முதல் தோள்மூட்டில் தொடங்கிய நோ இப்போது கழுத்து, நாரி, இடுப்பு, தொடை, பாதம் என்று ஊர் சுற்றுகிறது. காய்ச்சல் வரப்போகும்போது உடம்பு உளையுமே, அந்த உளைவு. காய்ச்சல் மட்டும் வருவதில்லை. எட்டு மணித்தியாலம் படுத்தாலும் நித்திரையே கொள்ளாதவள் மாதிரித்தான் எழும்புகிறேன். போன கிழமை மகளிடம் "அந்த... சோறு போடுறது... அதை எடு" என்று கையால் காட்டினேன். அகப்பை என்ற சொல் வரவில்லை. அவள் சிரித்தாள், எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைரொயிட், அழற்சி, தசை நொதி எல்லாம் சரி. ஃபமிலி டொக்டர் நித்திரை, வயிறு, தலையிடி பற்றியெல்லாம் விசாரித்துவிட்டு ஃபைப்ரோமயால்ஜியா என்றார், உடம்பு முழுக்க நோவும் களைப்பும் நீடிக்கிற நோயாம். மாமி "வாயு" என்கிறா. இவர் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் ரிப்போர்ட் நோர்மல் என்று வந்த அன்று இவருடைய முகத்தைப் பார்த்தேன்.

லைனில் பக்கத்தில் நிற்கும் பிள்ளை சொல்லிக் கைரோபிராக்டர் (முதுகெலும்பைக் கையால் அமத்தித் திருப்பி வைத்தியம் செய்கிறவர்) ஒருவரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்து, திரையில் கோடு கீறி, "கழுத்து வளைவு போய்விட்டது, எலும்பு விலகி நரம்பை நசிக்கிறது, அதுதான் உடம்பு முழுக்க நோ" என்றார். 24 தரம் வரவேண்டுமாம், மொத்தமாகக் கட்டினால் கழிவாம். கையெழுத்து வைக்கத் தந்த தாளில் ஸ்ட்ரோக் என்று ஒரு வரி இருந்தது. கேட்டேன். "அது எல்லாருக்கும் குடுக்கிற ஃபோர்ம்" என்றார்கள். கழுத்தைப் பிடித்து ஒரு திருப்பு, 'டக்' என்று சத்தம். அன்று பின்னேரம் உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. விடியக் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை, இரண்டு நாள் வேலை போனது. போன் எடுத்துச் சொன்னால், "நச்சு வெளியேறுது, நல்ல அறிகுறி" என்கிறார்கள்.

வேலையில் கைரோவுக்கு வருடத்துக்கு 500 டொலர் தருவார்கள். மிச்சத்தைக் கையால் போடவேண்டும். இன்னும் காசு கட்டவில்லை. தொடர்ந்து போகவா? போய்ச் சுகம் கண்டவர்கள் இருக்கிறீர்களா?

வண்டிக்காரன்:

தங்கச்சி, நான் ட்ரக் ஓடுகிறவன். 2019 இல் நாரி பிடித்து சீட்டை விட்டு இறங்க முடியாமல் கிடந்தேன். கைரோவிடம் ஆறு தரம் போனேன், சரி வந்தது. அதனால் நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு நாரி மட்டும்தான் நோ, உங்களுக்கு உடம்பு முழுக்க. இரண்டும் ஒரே சாமான் இல்லைப் போலக் கிடக்கு. நச்சுக் கதையை எனக்கும் சொன்னார்கள். என்ன நச்சு என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார்.

கறிவேப்பிலை:

தங்கச்சி, அகப்பைக் கதையை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எனக்கு வராமல் போன சொல் 'சாவி'. கையில் சாவியை வைத்துக்கொண்டே.

எனக்கு இந்த நோய் என்று 2008 இல் சொன்னார்கள். அப்போது 1990 ஆம் ஆண்டு விதிதான். உடம்பில் 18 இடத்தைப் பெருவிரலால் அமத்துவார்கள், 11 இடம் நொந்தால் இந்த நோய். எவ்வளவு பலமாக என்றால், அமத்துகிறவரின் நகம் வெளிறும் அளவுக்கு, நாலு கிலோ. எனக்கு 16. கடைசியில் டொக்டரின் விரலை நான் தட்டிவிட்டேன். 2010 இல் புது விதி வந்து அந்த அமத்தல் தேவையில்லாமல் போனது. இப்போது 19 இடம் குறித்த உடம்புப் படத்தில் எங்கெங்கே நோ என்று பார்த்து, நித்திரை, களைப்பு, மறதிக்கும் புள்ளி போடுகிறார்கள். மூன்று மாதத்துக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். அதாவது உங்கள் ஃபமிலி டொக்டர் கேட்டது சும்மா கேள்விகள் இல்லை. அதுதான் சோதனை. இரத்தம் எடுப்பது வேறு நோய் இல்லை என்று பார்க்க. நோர்மல் என்று வருவதுதான் வழக்கம். இதை உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள்.

என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கின விதம் இது. ஊரில் கோயில் திருவிழாவுக்குப் பனையில் ஒலிபெருக்கி கட்டுவார்கள் அல்லவா? பாடுகிறவர் மெதுவாகத்தான் பாடுவார், ஆனால் அம்ப்ளிஃபையரைக் கூட்டி வைத்திருப்பதால் மூன்று ஊருக்குக் காது அடைக்கும். எங்களுக்கு மூளையும் முள்ளந்தண்டு நரம்பும்தான் அந்த அம்ப்ளிஃபையர். தசையிலிருந்து போவது சின்னச் செய்தி, அங்கே பெரிய நோவாகிறது. இப்போது யோசியுங்கள், பனையை நிமிர்த்தி நட்டால் சத்தம் குறையுமா?

கைரோ செய்வது கிட்டத்தட்ட அதுதான். 1895 இல் அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் ஊரில் பாமர் என்பவர் தொடக்கினார். கட்டடம் துப்புரவாக்குகிற ஒருவருக்கு முதுகெலும்பைத் தட்டிக் காது கேட்க வைத்தேன் என்றார். காதுக்குப் போகும் நரம்பு முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை. வியாதிகளில் 95 வீதம் எலும்பு விலகுவதால் வருகிறது என்றும் சொன்னவர் அவர்தான். இன்றைக்குக் கைரோ படித்தவர்களிலேயே பலர் இதை ஏற்பதில்லை. உங்களுக்குக் கோடு கீறிக் காட்டினவர் பழைய பாட்டைப் பாடுகிறார். கழுத்து வளைவு நேராக இருப்பதை நோ ஒன்றும் இல்லாதவர்களின் எக்ஸ்ரேயிலும் காணலாம். 'டக்' சத்தம் எலும்பு இடத்துக்கு வருகிற சத்தமும் இல்லை. மூட்டுத் தண்ணீரில் திடீரென்று ஒரு வெற்றிடம் உண்டாவதால் வருவது என்று 2015 இல் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் எம்ஆர்ஐ ஓடவிட்டுக்கொண்டே விரல் முறித்துப் பார்த்தார்கள்.

அன்று பின்னேரம் வந்த சுகம் பொய் என்று சொல்லவில்லை. எனக்கும் வந்தது. யாரோ ஒருவர் அரை மணி நேரம் எங்களுடைய நோவைக் காது கொடுத்துக் கேட்டுக் கை வைத்தால் உடம்பு இளகத்தான் செய்யும். அடுத்த நாள் விழுந்ததும் உண்மை, அதற்குக் காரணம் நச்சு இல்லை. எங்கள் உடம்புக்கு அந்தத் திருப்பு கூடிப்போனது. ஐரோப்பிய வாத நோய் நிபுணர்கள் 2016 இல் அதுவரை வந்த ஆய்வுத் தொகுப்புகளைத் திரட்டிப் பார்த்து, இந்த நோய்க்கு உடற்பயிற்சியை மட்டும்தான் உறுதியாகப் பரிந்துரைத்தார்கள். கைரோவைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி வேண்டாம் என்றே எழுதினார்கள். அந்த ஸ்ட்ரோக் வரி அதுதான். கழுத்தைச் சடாரென்று திருப்பும்போது மூளைக்குப் போகும் நாடி கிழிவது மிக அரிது, ஆனால் நடந்திருக்கிறது. இனி யாரிடம் போனாலும் "கழுத்தைத் திருப்ப வேண்டாம்" என்று வாய் விட்டுச் சொல்லுங்கள். திருப்பின பிறகு புதுவிதமான கழுத்து நோ அல்லது தலையிடி, தலைச்சுற்று, இரட்டையாகத் தெரிவது, நாக்குக் குழறுவது என்று ஏதாவது வந்தால் உடனே அவசர உதவிக்கு 911. அவர்களுக்குப் போன் எடுத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

நானும் இப்போது மாதத்துக்கு ஒருதரம் ஒரு கைரோவிடம்தான் போகிறேன், சிரிக்காதீர்கள். அவ எலும்பு முறிப்பதில்லை. தோள் தசையைக் கையால் இளக்கிவிட்டுப் பயிற்சி காட்டுவா. முதல் நாளே "இந்த நோயை என்னால் மாற்ற ஏலாது" என்று சொன்னா. அதனால்தான் போகிறேன்.

சரி, என்ன உதவியது? மருந்தில் முதலில் அமிட்ரிப்டிலின், இரவில் 10 மில்லிகிராம். நித்திரை வந்தது, வாய் காய்ந்தது. பிறகு பிரிகாபலின், உடம்பு ஊதியது, விட்டேன். இப்போது டுலொக்ஸெட்டின். ஆளுக்கு ஆள் மாறும், டொக்டரிடம் கேளுங்கள். ஆனால் மருந்தை விட எனக்கு உதவியது நடைதான். ஷொப்பிங் மோலில் கடைகள் திறக்க முதல் உள்ளே ஐந்து நிமிடம். ஐந்தே ஐந்து. நல்லாய் இருக்கிறதே என்று கூட நடக்கவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு ஏழு. கோடையில் பூங்காவில் சீன அம்மாக்களோடு தாய் சி, மெதுவாக அசைந்து செய்யும் சீனப் பயிற்சி. 2018 இல் பொஸ்டனில் 226 பேரை வைத்துப் பார்த்த ஆய்வில் அது ஏரோபிக் பயிற்சிக்குக் குறையாமல், கொஞ்சம் கூடவே, வேலை செய்திருந்தது. எனக்கு ஆய்வு பிறகுதான் தெரியும், முதலில் போனது பொழுது போகாமல்.

இன்னொன்று இடியப்பம். முன்பு ஒரு சனிக்கிழமை நோ குறைவாக இருந்தால் ஒரேயடியாக அறுபது பிழிவேன். உரலைத் திருகித் திருகி, "இண்டைக்கு நான் பழைய ஆள்" என்று. பிறகு புதன் வரை படுக்கை. இப்போது இருபது. தட்டை நீராவியில் வைத்துவிட்டு, இன்னும் ஏலும் என்று உடம்பு சொன்னாலும், கதிரையில் இருந்துவிடுவேன். இதைப் பழக எனக்கு மூன்று வருடம் எடுத்தது. நடையை விடக் கஷ்டம் இதுதான்.

24 தரத்துக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். வேலைக் காப்புறுதியில் பிசியோவுக்கு (பிசியோதெரபி) தனியாகக் காசு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஈரத்துணி:

பிசியோ கிளினிக்கில் வேலை செய்கிறேன். அக்கா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். ஃபைப்ரோ என்று ஒருதரம் சொல்லிவிட்டால் பிறகு வருகிற எல்லாவற்றையும் அதன் தலையில் போடும் பழக்கம் இருக்கிறது. மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால், காலையில் விறைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனால், காரணமில்லாமல் நிறை குறைந்தால், கை கால் மரத்துப் பலம் குறைந்தால் திரும்ப டொக்டரிடம் போங்கள். மற்றது, பிசியோவிலும் "முதல் நாளே முழுப் பயிற்சி" என்று விரட்டுகிறவர்கள் உண்டு. இந்த நோய் தெரிந்தவரா என்று போனிலேயே கேளுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

அடுப்படி:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் போன் எடுத்து வரவில்லை என்று சொன்னேன். உடனே 24 ஐ 12 ஆக்கினார்கள்! எலும்பு அவ்வளவு கெதியாகத் திரும்பி வந்துவிட்டது போல.

பிசியோவுக்குத் தனியாக 400 டொலர் இருக்கிறதாம், எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. ரிப்போர்ட் விஷயத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரவு சட்டி கழுவினார். மாமிக்கு ஒலிபெருக்கிக் கதை சொன்னேன். "அப்ப ஒலிபெருக்கிக்காரனை எல்லோ பிடிக்க வேணும்" என்கிறா.

கறிவேப்பிலை அக்கா, மோல் எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?

கறிவேப்பிலை:

நான் போகிற மோல் ஏழு மணிக்கு. பஸ் நிற்கிற பக்கத்துக் கதவு மட்டும்தான் திறந்திருக்கும். பேக்கரிச் சப்பாத்தோடு வராதீர்கள், மெத்தென்று ஒன்று போடுங்கள். ஐந்து நிமிடம் முடிய இருக்க வாங்கு இருக்கிறது, நானும் அதில்தான் இருப்பேன்.