பகைவனாக வரும் சாகாத நாயகன் ஏன் ஈர்க்கிறான்?

கேள்வி: ஹாலி பிளாக்கின் ‘தி க்ரூயல் பிரின்ஸ்’ (2018) நாவலில் மனிதப் பெண் ஜூடை இழிவுபடுத்தி மகிழும், ஃபேரி என்னும் மாய இனத்து இளவரசன் கார்டனை நாம் எப்படி விரும்பத் தொடங்குகிறோம்?

மறுமொழி 1: அவன் இனத்தாரால் பொய் சொல்ல முடியாது; மனிதப் பெண்ணான ஜூடால் முடியும். அதனால், அவளிடம் சிறைப்பட்ட நிலையில், அவளை அடிக்கடி நினைப்பதாக அவன் வெறுப்போடு ஒப்புக்கொள்ளும்போது நாம் அதை ஐயமின்றி நம்புகிறோம். அவள் பெயரையே திரும்பத் திரும்ப எழுதிய தாளும் என்னை உலுக்கியது.

மறுமொழி 2: திருவிளையாடற் புராணத்தில் கயிலை வரை படையெடுத்துச் சிவகணங்களை வென்ற தடாதகை (மீனாட்சி), சிவனைக் கண்டதும் நாணி நிற்கிறாள். அங்கே பகை கணத்தில் கரைகிறது. இங்கே பக்கம் பக்கமாகக் கரைவதே எனக்கு இனிக்கிறது.

மறுமொழி 3: முதுமையறியாத ஒருவன், சில பத்தாண்டுகளே வாழக்கூடியவளுக்கு அஞ்சுவதுதான் என்னைக் கவர்ந்தது. ஆனால், அவன் செய்த கொடுமைகளைக் காதல் துடைத்துவிடுவதாக நான் கருதவில்லை.