சந்தேகம்: ஆபீஸுக்கும் ஆட்டோகிராஸுக்கும் ஒரே பிரேக் பேட், எதை வாங்கலாம்? (ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ)

சிங்கை_ஸ்விஃப்ட்:
வணக்கமுங்க. வண்டி 2014 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம், ஏபிஎஸ் (அழுத்தி மிதிச்சாலும் வீல் பூட்டாம பார்த்துக்கற அமைப்பு) கிடையாது. வாரநாள் எல்லாம் சிங்காநல்லூர்ல இருந்து சரவணம்பட்டி ஆபீஸ். பக்கத்துல எங்காவது ஆட்டோகிராஸ் (கோன் வெச்ச வளைஞ்ச பாதையில ஒவ்வொரு வண்டியா நேரம் பார்த்து ஓட்டுற போட்டி) நடந்தா நானும் மச்சானும் இதே வண்டியில மாத்தி மாத்தி ஓட்டுவோம். பெரும்பாலும் தார்த்தளம், எப்பவாவது மண்.

போன தடவை மதியத்துக்கு மேல பெடல் ரொம்ப ஆழமா இறங்க ஆரம்பிச்சுது. காலையில முதல் ரவுண்டுல வேற தொல்லை: முதல் வளைவுல மிதிச்சா மரக்கட்டையை மிதிச்ச மாதிரி, பிடிப்பே இல்ல. ஸ்பேர்ஸ் கடையில கேட்டா, "ரேசிங் பேட் மாட்டிருங்க, எல்லாம் சரியாயிடும்"ங்கறாங்க. இப்ப இருக்கிற பேட் பேர் தெரியாத கம்பெனி, இன்னும் 6 மிமீ கனம் இருக்கு. ரேசிங் பேட் போட்டா தினசரி ஓட்ட முடியுமா? எதை வாங்கட்டும்?

கியர்பாக்ஸ்_குமாரு:
யோசிக்காம ரேஸ் பேட் போடுங்க ப்ரோ. செட்டிபாளையம் டிராக்ல எல்லாரும் அதான் போடுறாங்க. கொஞ்சம் கீச்சுன்னு சத்தம் வரும், அவ்வளவுதான்.

டிரம்_வாத்தியார்:
குமாரு தம்பி சொல்றது டிராக்குக்குப் பொருந்தும், ஆட்டோகிராஸுக்குப் பொருந்தாது. கணக்கைப் பாருங்க. ஆளோட சேர்த்து சுமார் 1,000 கிலோ வண்டி. ஆட்டோகிராஸ்ல 70 கிமீ வேகத்துல இருந்து 30க்கு இறக்கினா பிரேக் வாங்குற சூடு ஏறத்தாழ 150 கிலோஜூல். டிராக்ல 140ல இருந்து 60க்கு இறக்கினா 600ஐத் தாண்டிடும். ஒரே ஒரு மிதிக்கே நாலு மடங்கு. அதுவும் அங்க சுத்துக்குச் சுத்து விடாம நடக்கும். இங்க ஒரு நிமிஷம் ஓட்டிட்டு வரிசையில நிக்கறீங்க.

முழு ரேஸ் பேட் நல்லா சூடு ஏறின பிறகுதான் பிடிக்கும். ஆட்டோகிராஸ்ல அந்தச் சூடு வர்றதுக்குள்ள ரன்னே முடிஞ்சிரும். காலையில பிடிப்பு இல்லைங்கறீங்களே, ரேஸ் பேட் போட்டா அது இன்னும் மோசமாகும். ஆபீஸ் போற வழியில குறுக்கே ஒரு நாய் ஓடி வந்தா அப்ப தெரியும்.

சரி, அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. மதியம் பெடல் "ஆழமா இறங்குச்சு"ன்னீங்க. இறங்கி மெத்து மெத்துன்னு இருந்துச்சா, இல்ல கல்லு மாதிரி கெட்டியா இருந்தும் வண்டி நிக்கலையா? ரெண்டும் வேற வேற வியாதி.

கெட்டியா இருந்து வண்டி நிக்கலைன்னா பேட் சூட்டுல பிடிப்பு விட்டிருக்கு. மெத்துன்னு தரை வரைக்கும் போச்சுன்னா பிரேக் ஆயில் கொதிச்சு உள்ள ஆவி சேர்ந்திருக்கலாம். ஒரு மிதியில ஆழமா போய், உடனே ரெண்டாவது மிதியில மேல வந்துச்சுன்னா பின் டிரம்ல ஷூவுக்கும் (டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற கட்டை) டிரம்முக்கும் நடுவுல இடைவெளி அதிகம்.

சிங்கை_ஸ்விஃப்ட்:
மெத்துன்னுதானுங்ண்ணா இருந்துச்சு. ரெண்டு தடவை மிதிச்சா மேல வருது. நீங்க கேட்ட பிறகு இன்னிக்குக் காலையில வண்டி ஆறிக்கிடக்கும்போதே மிதிச்சுப் பார்த்தேன், அப்பவும் முதல் மிதி கொஞ்சம் ஆழம்தான். ஹேண்ட்பிரேக்கும் முன்னைக்கு இப்ப ரொம்ப மேல வருது. ஆயில் மாத்தி எவ்வளவு நாளாச்சுன்னு தெரியலைங்க, செகண்ட் ஹேண்ட்ல வாங்கின வண்டி. டப்பாவுல பார்த்தா டீ டிகாக்‌ஷன் கலர்ல இருக்கு.

டிரம்_வாத்தியார்:
அப்ப பேட் வாங்குறதை ஒரு வாரம் தள்ளி வைங்க. ஆறின வண்டியிலயே ஆழம்னா பின் டிரம்மைக் கழட்டிப் பார்க்கணும். ஷூ தேயத் தேய இடைவெளியைத் தானா குறைக்கிற அட்ஜஸ்டர் அங்க இருக்கு, தூசியும் துருவும் ஏறி அது இறுகியிருக்கும். வீல் சிலிண்டர் (ஆயில் அழுத்தத்துல ஷூவைத் தள்ளுற பாகம்) ரப்பரை விரலால விலக்கி ஈரம் இருக்கான்னும் பாருங்க. இருந்தா மாத்தியே ஆகணும். ஹேண்ட்பிரேக் கேபிளை முறுக்கிச் சரி பண்றேன்னு யாராவது சொன்னா விடாதீங்க. முதல்ல ஷூ, அப்புறம்தான் கேபிள்.

ஆயிலையும் மொத்தமா மாத்துங்க. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். டாட் 3ங்கற தரத்து ஆயில் புதுசுல 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறிட்டா 140க்கு இறங்கிடும். டாட் 4 புதுசுல 230, ஈரத்தோட 155. உங்க விஷயத்துல இன்னொண்ணு: ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஓட்டுறப்ப வண்டி ஓய்வே எடுக்கறதில்ல. ரன் முடிஞ்சு நிக்கும்போது வீலுக்குக் காத்தோட்டம் இல்ல, பேட்ல இருக்கிற சூடு மெதுவா காலிபர்க்குள்ள (பேடை டிஸ்க் மேல அழுத்துற பாகம்) இறங்கி ஆயிலைத் தொடும். மதியத்துக்கு மேல மோசமானதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

டாட் 4 போதும். டாட் 5.1ம் ஊத்தலாம். டாட் 5ன்னு மட்டும் தனியா எழுதியிருந்தா தொடாதீங்க, அது சிலிக்கான், இதோட சேராது.

குன்னூர்_மருமகள்:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். ஆட்டோகிராஸ் பத்தி எனக்கு அவ்வளவா தெரியாது, ஆனா பிரேக் சூடுன்னா எங்க ரோட்டைக் கேளுங்க. தம்பி, வருஷத்துல ஒரு தடவையாவது குடும்பத்தோட ஊட்டி வருவீங்கதானே? குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் இறங்குறது ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். சாமானோட 1,300 கிலோ வண்டி அவ்வளவு கீழ இறங்கினா 19 மெகாஜூலுக்குப் பக்கம் எங்கயாவது போயாகணும். வாத்தியார் சொன்ன 150 கிலோஜூல் மிதியில நூத்துக்கு மேல. செகண்ட் கியர்ல இறங்கினா இஞ்சின் அதுல நல்ல பங்கை வாங்கிக்கும். நியூட்ரல்ல விட்டா பெரும்பங்கு பிரேக் தலையிலதான். பர்லியார்ல டீக்கடை ஓரமா புகைஞ்சுக்கிட்டு நிக்கற சமவெளி வண்டிகளை நாங்க சீசன் முழுக்கப் பார்க்கிறோம்.

அதனால சூட்டைத் தாங்குற பேட் வேணும்னா அது உங்க ஆட்டோகிராஸுக்காக இல்ல, எங்க மலைக்காக வேணும்.

டிரம்_வாத்தியார்:
அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. இதையே வெச்சு பேட் தேர்ந்தெடுக்கலாம். பேட் ஓரத்துலயோ முதுகுலயோ நீளமா ஒரு எண் அச்சடிச்சிருப்பாங்க, அதுல ரெண்டு எழுத்து சேர்ந்து வரும். முதல் எழுத்து சாதாரண சூட்டுல உராய்வு எவ்வளவு, ரெண்டாவது நல்ல சூட்டுல எவ்வளவுன்னு சொல்லும். ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55. எஃப்-ஈன்னு இருந்தா சூட்டுல பிடிப்பு குறையுதுன்னு அர்த்தம், வேண்டாம். எஃப்-எஃப் எடுங்க. ஆனா இந்த எழுத்து தேய்மானத்தையோ சத்தத்தையோ சொல்லாது. சோதனையும் சுமார் 340 டிகிரியோட நின்னுடும், அதனால ரேஸ் பேடை இதை வெச்சு எடை போடாதீங்க.

ஜி-ஜி ஆசை வரும். உங்க வண்டியில ஏபிஎஸ் இல்ல. முன்னாடி மட்டும் ரொம்பக் கடிக்கிற பேட் போட்டா, பின் டிரம் பங்கு குறைஞ்சு, முன் வீல் சீக்கிரம் பூட்டிக்கும். வளைவுக்குள்ள முன் வீல் பூட்டினா ஸ்டியரிங் எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேரா கோனைத் தேடிப் போகும். மண்ணுல இன்னும் மோசம். கம்பெனி மாட்டித் தந்த 165/80 ஆர்14 டயர்தான்னா, அந்த டயர் தாங்குறதைவிட அதிகமா பிடிக்கிற பேடுக்குக் காசு கொடுக்கறது தண்டம்.

என் கணிப்பு: மாருதி ஒரிஜினலோ, டிவிஎஸ் கர்லிங், பாஷ் மாதிரி தெரிஞ்ச கம்பெனியோட எஃப்-எஃப் பேடோ போதும். பில் கொடுக்கிற கடையில வாங்குங்க, போலி நிறைய. காசு மிச்சம் இருந்தா டயர்ல போடுங்க.

கியர்பாக்ஸ்_குமாரு:
அப்ப "ஸ்ட்ரீட் பெர்ஃபார்மன்ஸ்"னு வர்ற பேட் எல்லாம் வேஸ்ட்டா அண்ணா?

டிரம்_வாத்தியார்:
வேஸ்ட் இல்ல தம்பி. ஏபிஎஸ்ஸும் நல்ல டயரும் இருந்தா அதுல அர்த்தம் இருக்கு. ஆறின நிலையிலயே நல்லா கடிக்கும், மலைச்சூட்டையும் தாங்கும். அதுக்கு விலை, கருப்புத் தூசியும் டிஸ்க் சீக்கிரம் தேயறதும்.

சிங்கை_ஸ்விஃப்ட்:
எல்லாருக்கும் நன்றிங்க. டிரம் கழட்டியாச்சு. இடது பக்கம் அட்ஜஸ்டர் அசையவே இல்ல, அப்படியே ஒட்டிக்கிடந்துச்சு. சுத்தம் பண்ணி கிரீஸ் வெச்சு, ரெண்டு பக்கமும் ஷூ சரி பண்ணி, டாட் 4 ஆயில் மாத்தியாச்சு. பெடல் இப்ப மேலயே நிக்குது. முன் காலிபர் ஸ்லைட் பின்னும் (காலிபர் நகர்ந்து கொடுக்கிற கம்பி) ஒண்ணு இறுகிப் போயிருந்துச்சு, உள்பக்க பேட் மட்டும் அதிகமா தேய்ஞ்சிருக்கு. பேட் மேல கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு, காலையில பிடிக்காததுக்கு அதான் காரணமோ? எஃப்-எஃப் வாங்கிட்டேன். மாட்டினவுடனே ஓட்டலாமா?

டிரம்_வாத்தியார்:
அந்தப் பளபளப்புதான். புது பேடைத் தோசைக்கல்லைப் பழக்குற மாதிரி பழக்கணும். விடிகாலையில எல் அண்ட் டி பைபாஸ் போங்க, பின்னாடி யாரும் இல்லைன்னு உறுதி பண்ணிக்கிட்டு 60ல இருந்து 15 வரைக்கும் ஓரளவு அழுத்தி இறக்குங்க, முழுசா நிறுத்தாதீங்க. அரை நிமிஷம் ஓட்டி ஆறவிட்டு மறுபடியும். எட்டு, பத்து தடவை போதும். அப்புறம் பத்து நிமிஷம் பிரேக்கைத் தொடாம சும்மா ஓட்டி ஆறவிடுங்க. இதைச் செய்யாம விட்டா பேட் பொருள் டிஸ்க்ல திட்டுத்திட்டா படிஞ்சு பெடல் நடுங்கும், கடையில "டிஸ்க் வளைஞ்சிருச்சு"ன்னு புது டிஸ்க் தலையில கட்டுவாங்க.

போட்டியன்னிக்கு ரன் முடிஞ்சு வந்து பெடலை மிதிச்சபடி நிக்காதீங்க, சூடான பேட் அதே இடத்துல அச்சாயிடும். ஹேண்ட்பிரேக்கும் வேண்டாம். கியர்ல போட்டு வீலுக்கு ஒரு கல்லு வெச்சுட்டு இறங்குங்க. மச்சான் ஏறுறதுக்கு முன்னாடி கல்லை எடுக்கச் சொல்லுங்க.