குரூசர் மோட்டார் சைக்கிளை அன்றாட ஓட்டத்துக்கு ஏற்றதாக்க ஆலோசனை தேவை

வணக்கம் உறவுகளே. என்னிடம் 220 சிசி குரூசர் வகை மோட்டார் சைக்கிள் இருக்கிறது. தூரப் பயணத்துக்கென்றே வடிவமைத்த வண்டி. இப்போது அதில்தான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு, ஒரு வழி ஏறத்தாழ 50 கிலோமீற்றர். ஏ-34 வீதியில் குறையில்லை. உள்வீதிகளில்தான் சிக்கல்: கோடையில் கிரவல் புழுதி, மாரியில் சேறு.

முதலில் செயின். இணைப்புகளில் ரப்பர் வளையங்கள் உள்ள ஓ-ரிங் செயின் என்பதால் பெற்றோல் படவிடாமல் மண்ணெண்ணெயால் துடைத்து, 90 கியர் ஒயில் பூசுகிறேன். புழுதி அதில் ஒட்டி அரைக்கிறது. பூசிச் சில மணி நேரம் விட்டு மிச்சத்தைத் துடைத்தால் போதுமா, செயின் மெழுகுக்கு மாறலாமா? முழுச் செயின் மூடி பொருத்தியவர்கள் தயவுசெய்து படம் போடுங்கள்.

அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது இரவு வெளிச்சம். தார் வீதியின் சூட்டுக்கு மாடுகள் வந்து படுத்துவிடும். சில இடங்களில் யானையும் கடக்கும். 60/55 வாட் எச்-4 பல்ப் போதவில்லை. எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும் எல்ஈடி எனக்கு வேண்டவே வேண்டாம். ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) வைத்து, பற்றரியிலிருந்து தடித்த வயரை நேரே இழுத்தால் மின்னழுத்த இழப்புக் குறைந்து அதே பல்ப் பிரகாசமாக எரியும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இதைச் சுத்தமாகச் செய்து தரும் கராஜ் எது?

ஹாண்டிலைச் சற்று உயர்த்தவும் விருப்பம். கிளச், பிரேக் கேபிள்களின் நீளம் போதுமா என்பதை, செய்து பார்த்த அண்ணாமார் சொல்லுங்கள்.