மறுமொழி: ‘மெய்நிகர் கருவி’க்குப் பதில் ‘ஒலியாக்கி’

நண்பர்களுக்கு வணக்கம்.

இசைக்குறியீட்டு மென்பொருளுக்கான சொற்பட்டியலில் ‘விர்ச்சுவல் இன்ஸ்ட்ருமெண்ட்’ (இசைத்தாளில் எழுதியதை ஒலியாக மாற்றித் தரும் நிரல்) என்ற வரிக்கு நேராக ‘மெய்நிகர் கருவி’ என்று எழுதி, கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது போலிருக்கிறது. பட்டியலைப் பூட்டுவதற்கு முன் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். சொல்லின் இலக்கணத்திலோ ஓசையிலோ எனக்குக் குறை எதுவும் இல்லை. இசைத்தாளை ஒலிக்கவிட்டும் ஒலி வராமல் ஒருவர் திண்டாடும்போது, இந்தச் சொல் அவரைத் தவறான இடத்தில் தேட வைக்கும். அதுதான் என் கவலை.

> விர்ச்சுவல் என்றால் மெய்நிகர், இன்ஸ்ட்ருமெண்ட் என்றால் கருவி. இரண்டும் நிலைபெற்ற சொற்கள். புதிதாக ஒன்று எதற்கு?

நிலைபெற்றவைதான். ஆனால் ‘கருவி’க்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை இருக்கிறது. அதே திரையின் மேற்புறத்தில் ‘கருவிப்பட்டை’ இருக்கிறது. பட்டியைத் திறந்தால் ‘கருவிகள்’ இருக்கிறது. இசைத்தாளின் இடப்பக்கத்தில் வயலின், புல்லாங்குழல் என்று எழுதியிருப்பவையும் கருவிகள். அந்த வயலின் வரிக்கு ஒலி கொடுக்கும் நிரலுக்கும் அதே பெயரை வைத்துவிட்டு, ‘கருவி காணவில்லை’ என்று ஒரு செய்தியைக் காட்டினால் எதைக் காணவில்லை என்று பயனர் நினைப்பார்? வயலின் வரி கண்ணெதிரே இருக்கிறது, சுரங்களும் இருக்கின்றன. அந்த வரியை நீக்கிவிட்டு இன்னொரு வயலினைச் சேர்த்துப் பார்ப்பார். அதற்கும் ஒலி வராது. எழுதி வைத்த குறிப்பும் போயிருக்கும். ‘மெய்நிகர்’ என்ற முன்னொட்டு இதைத் தடுக்காது. திரையில் இருக்கும் வயலினும் மரத்தால் ஆனதில்லையே, அதுவும் ஒருவகையில் மெய்நிகர்தானே என்று ஒருவர் எண்ணினால் அது அவர் தவறு ஆகாது.

ஒலி வரும் வழியை ஒருமுறை பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். நாம் எழுதும் குறிப்புக்குள் ஒலி கிடையாது. ‘இந்தச் சுரத்தை இந்த அழுத்தத்தில் தொடங்கு’, ‘இப்போது நிறுத்து’ என்ற கட்டளைகள்தான் அதிலிருந்து கிளம்புகின்றன. பெரும்பாலும் 1983இல் வந்த மிடி நெறிமுறையின் வடிவில், அல்லது அதை ஒட்டிய வடிவில். அவற்றை வாங்கி ஒலியாக மாற்றுவது தனி நிரல். அது மென்பொருளுக்குள்ளேயே பொதிந்திருக்கலாம். இசை மென்பொருள்களில் பொருத்துவதற்கென்றே உள்ள வி.எஸ்.டி. என்ற வடிவில், செருகுநிரலாக வெளியிலிருந்து வந்தும் உட்காரலாம். அந்த நிரல் வட்டில் இருக்கும் பதிவுகளை எடுத்து ஒலிக்கும், அல்லது அலைகளைக் கணக்கிட்டுத் தானே உருவாக்கும். அங்கிருந்து எல்லா வரிகளின் ஒலியையும் கலக்கும் கலவைப்பலகை (மிக்சர்), அப்புறம் ஒலி இயக்கி (டிரைவர்), கடைசியில் ஒலிபெருக்கி.

எங்கே அறுந்தாலும் பயனருக்குக் கிடைக்கும் விளைவு ஒன்றுதான். அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க முதல் வழி, கலவைப்பலகையில் அந்த வரியின் ஒலியளவு காட்டியைப் பார்ப்பது. இசை ஓடும்போது பச்சைக் கோடு ஏறி இறங்குகிறது, ஆனால் காதுக்கு எதுவும் எட்டவில்லை என்றால் சிக்கல் அதற்குப் பிறகுதான்: வெளியீட்டுச் சாதனம் மாறியிருக்கலாம், வேறொரு நிரல் ஒலி இயக்கியைப் பிடித்து வைத்திருக்கலாம். கோடு அசையவே இல்லை என்றால் சிக்கல் அதற்கு முன்னால். அப்போதும் முதலில் ‘ஒலியடக்கு’, ‘தனித்து ஒலி’ ஆகிய பொத்தான்களைப் பார்த்துவிட வேண்டும். வேறொரு வரியில் ‘தனித்து ஒலி’ அழுத்தப்பட்டிருந்தால் மற்ற வரிகள் எல்லாம் வாயடைத்துப்போகும். இதெல்லாம் சரியாக இருந்தால், நம் விவாதத்துக்குரிய அந்த நிரலிடம்தான் வந்து நிற்போம்.

அதற்கு நான் முன்மொழிவது ‘ஒலியாக்கி’. கட்டளையை வாங்கி ஒலி ஆக்குகிறது. ஜெனரேட்டருக்கு ‘மின்னாக்கி’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். உலாவி, செயலி, இயக்கி எல்லாம் இதே இகர ஈற்றில் முடிபவை. வாய்க்கும் எளிது. அலைகளைக் கணக்கிட்டு உருவாக்கும் சிந்தசைசர், பதிவுகளை எடுத்து ஒலிக்கும் சாம்ப்ளர் இரண்டும் ஒலியாக்கியின் வகைகள் என்று அடுத்த படிக்கும் போகலாம். ‘மெய்நிகர் கருவி’யில் அந்தப் படி அமையவில்லை.

மற்ற பரிந்துரைகளையும் எடைபோட்டேன். ‘ஒலிமூலம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சேர்த்து எழுதினால் சரியான சொல்தான். ஆனால் ‘மூலம்’ தமிழில் வழியாக என்ற பொருளில் ஓயாமல் வருவது. இடைமுகத்தில் ‘ஒலிமூலம் தேர்ந்தெடுக்க’ என்று கண்டால், ஒலியின் வழியாக எதையோ தேர்ந்தெடுக்கச் சொல்வதாகத்தான் முதலில் படும். ‘ஒலிப்பான்’ வண்டிகளின் ஹாரனுக்குப் போய்விட்டது. செய்தித்தாள்களில் காற்று ஒலிப்பான் என்றே எழுதுகிறார்கள். ‘இசையாக்கி’ இசையமைப்பவரைக் குறிப்பதாகத் தோன்றும், தானாக இசையமைத்துத் தரும் நிரல்கள் வந்துவிட்ட இந்த நேரத்தில் அதை இதற்குச் செலவழிக்கவும் கூடாது.

> சாதாரணப் பயனருக்கு இவ்வளவு பிரிவு தேவையா? ஒலி என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாமே.

தேவை என்றே நினைக்கிறேன், ஏனென்றால் ஒலியாக்கி நன்றாக இருந்தும் ஒலி வராத நிலைகள் நிறைய. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஜெனரல் மிடி என்ற ஒப்பந்தம் 1991இல் வந்தது. 128 ஒலிவகைகளுக்கு எண் கொடுத்து, கட்டளைகள் போகும் தனித்தனி வழிகளான சேனல்களில் பத்தாவதைத் தாளக் கருவிகளுக்கு ஒதுக்கியது. அந்தப் பட்டியலில் வயலினுக்கு எண் 41. சில நிரல்கள் ஒன்றிலிருந்து எண்ணும், சில பூச்சியத்திலிருந்து எண்ணும். பூச்சியத்திலிருந்து எண்ணும் நிரலில் 41 என்று கொடுத்தால் வயோலா ஒலிக்கும். சிதாருக்கு 105 இருக்கிறது, ஷெனாய்க்கு 112 இருக்கிறது. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் இடமே இல்லை. ஆகவே இசைத்தாளில் ‘வீணை’ என்று எழுதியிருந்தாலும், ஒலிப்பது வேறு ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும், தனியாக ஒரு வீணைத் தொகுப்பை ஏற்றாதவரை.

இன்னொன்று: ‘காணாமல் போன ஒலி’ என்றால் எப்போதும் மௌனம் என்று அர்த்தமில்லை. ஃப்ளூயிட்சிந்த் என்ற கட்டற்ற ஒலியாக்கியிடம் அதில் இல்லாத ஒன்றைக் கேட்டால், அது சும்மா இருந்துவிடாது. அதே எண்ணை அடிப்படைத் தொகுதியில் தேடும்; அங்கும் இல்லையென்றால் முதல் எண்ணான பியானோவை எடுத்துக்கொள்ளும். இன்ன சேனலில் இன்னது இல்லை, இன்னது மாற்றாக வைக்கப்பட்டது என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுத் தொடரும். அந்த வரியைப் படிப்பவர் எத்தனை பேர்? செல்லோவுக்கு எழுதியது பியானோவில் கேட்கிறது என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு விடை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அதைத் தமிழில் தரவேண்டுமானால் ‘ஒலி’ என்ற ஒரே சொல்லை வைத்து எழுத முடியாது.

அதனால் ஒலியாக்கிக்குள் இருப்பவற்றுக்கும் பெயர் வேண்டும். ஒலியாக்கி எடுத்து ஒலிக்கும் பதிவுகளைக் கட்டிவைத்திருக்கும் சவுண்ட்ஃபாண்ட் கோப்புக்கு ‘ஒலியுரு’ என்று வைக்கலாம். ஃபாண்டுக்கு ‘எழுத்துரு’ வேரூன்றிவிட்டது. 1990களில் இ-மு, கிரியேட்டிவ் நிறுவனங்கள் அந்தக் கோப்பு வடிவத்தைக் கொண்டுவந்தபோது இட்ட பெயரே அதே ஒப்புமையில் பிறந்ததுதான். எழுத்துரு இல்லாத கணினியில் ஆவணத்தைத் திறந்தால் எழுத்து வேறு தோற்றத்தில் வருவது போல, ஒலியுரு இல்லாத கணினியில் இசைத்தாள் வேறு ஒலியில் வருகிறது. இதைத் தமிழ் பயனருக்கு விளக்கவே வேண்டாம், எழுத்துருச் சிக்கலில் அடிபடாத தமிழ்க் கணினிப் பயனர் யார்? வடிவச் சிக்கலும் உண்டு. மியூஸ்ஸ்கோர் என்ற இசைக்குறியீட்டு மென்பொருளோடு வரும் ஒலியுரு எஸ்.எஃப்.3 வடிவில் இருக்கிறது, ஒக் வோர்பிஸ் என்ற ஒலிச்சுருக்க முறையில் சுருக்கப்பட்டது. முந்தைய எஸ்.எஃப்.2 வடிவம் மட்டும் தெரிந்த ஒலியாக்கியால் அதைத் திறக்க முடியாது. கோப்பு இருக்கும், பாதையும் சரியாக இருக்கும், ஒலி மட்டும் வராது.

தனித்தனிப் பதிவுகளைக் குறிக்கும் ‘சாம்ப்பிள்’ என்பதற்குப் பட்டியலில் ‘மாதிரி’ என்று இருக்கிறது. இதை மாற்றக் கேட்டுக்கொள்கிறேன். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்று சொல்லும்போது அது அளவெடுத்த ஒரு புள்ளி. வயலினின் ஒரு சுரத்தை வாசித்துப் பதிந்தது வேறு. முன்னதற்கு ‘மாதிரி’ இருக்கட்டும், பின்னதற்கு ‘ஒலித்துணுக்கு’ என்று வைப்போம். பெரிய ஒலித்தொகுப்புகளில் இந்தத் துணுக்குகள் பல கிகாபைட் அளவுக்குப் போகும், ஆகவே தனி வட்டில் வைப்பார்கள். வட்டைக் கழற்றினாலோ கோப்புறையின் பெயரை மாற்றினாலோ ஒலியாக்கி திறக்கும், சாளரம் வரும், பெயரெல்லாம் தெரியும். உள்ளே துணுக்கு இருக்காது. இன்னும் நுட்பமாக ஒன்று: கருவியின் எல்லைக்கு வெளியே உள்ள சுரத்துக்குத் துணுக்கே பதிந்திருக்க மாட்டார்கள். ஒரு வரி முழுக்க ஒலித்து, கீழ்ச்சுரம் இரண்டு மட்டும் விழுந்துவிட்டால் அங்கேதான் பார்க்க வேண்டும். பல வாத்தியக்குழுத் தொகுப்புகளில் ஒலியின் வலிமை அழுத்தத்தைப் பொறுத்திருக்காது, மாடுலேஷன் என்னும் முதலாம் கட்டுப்பாட்டைப் பொறுத்திருக்கும். மென்பொருள் அதை அனுப்பாமல் அது பூச்சியத்தில் நின்றுவிட்டால், எல்லாம் சரியாக ஏறியிருந்தும் கேட்கிறதா இல்லையா என்ற அளவுக்கு அடங்கிவிடும். இதைக் கோப்பு காணவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி நிறுவுவதில் பலனே இல்லை.

ஒலியுருவுக்குள் எண் கொடுத்துத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொன்றும், அதாவது ப்ரீசெட், பேட்ச் என்று சொல்வது, ‘தொனி’ என்று இருக்கலாம் என்பது என் கருத்து. கீபோர்டு வாசிப்பவர்கள் ‘டோன்’ என்கிறார்கள், அதற்கும் அருகில் இருக்கிறது. ‘குரல்’ என்று யாரோ சொன்னார்கள். இசைக்குறியீட்டில் ஒரே வரியில் தனித்தனியாக ஓடும் பகுதிகளுக்கு அந்தச் சொல் வேண்டும். மியூஸ்ஸ்கோரில் ஒரு வரிக்கு நான்கு குரல்கள் வரை உண்டு. அதை இங்கே கொண்டுவந்தால் பழைய குழப்பம் புதிய பெயரில் தொடங்கும்.

> ‘மிஸ்ஸிங்’ என்பதற்குக் ‘காணவில்லை’ போதும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் நல்லது.

இதில்தான் எனக்கு மிக அழுத்தமான மறுப்பு. ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல் நான்கைந்து நிலைகளை மூடிக்கொள்கிறது. நாமும் அப்படி மூட வேண்டியதில்லை. மியூஸ்ஸ்கோர் 4 வெளிவந்தது 2022 டிசம்பரில். அது ஏற்பது வி.எஸ்.டி. 3 செருகுநிரல்களை மட்டும். பழைய வி.எஸ்.டி. 2 செருகுநிரல் ஒருவரின் வட்டில் இருக்கிறது, வேறொரு மென்பொருளில் ஒலிக்கவும் செய்கிறது. அவரிடம் ‘காணவில்லை’ என்றால் அவர் நம்புவாரா? ‘இந்த வடிவத்தை ஏற்பதில்லை’ என்றால் அடுத்து என்ன செய்வது என்று அவருக்கே தெரிந்துவிடும். செய்திகளை இப்படி எழுதிப் பார்த்திருக்கிறேன்:

‘வயலின் 1’க்குரிய ஒலியாக்கி இந்தக் கணினியில் நிறுவப்படவில்லை.

ஒலியாக்கி உள்ளது, அதன் ஒலித்துணுக்குகள் முன்பிருந்த கோப்புறையில் இல்லை. இருக்கும் இடத்தைக் காட்டவும்.

இந்த ஒலியுருவில் செல்லோவுக்குத் தொனி இல்லை. மாற்றாகப் பியானோ ஒலிக்கிறது.

நீளமாக இருக்கின்றன என்பீர்கள். செய்திப்பெட்டியில் இடம் இருக்கிறது. குறுக்க வேண்டியது பட்டியிலும் பொத்தானிலும்தான். அங்கே ‘ஒலியாக்கி’ என்று ஒற்றைச் சொல் அடங்கிவிடுகிறது, ‘மெய்நிகர் கருவி’ அடங்காது.

மற்றவை சுருக்கமாக. இசைத்தாளில் உள்ளதை ‘இசைக்கருவி’ என்று முழுதாகவே எழுதுவோம், வெறும் ‘கருவி’ வேண்டாம். ‘வாத்தியம்’ எனக்கு ஏற்புடையதே, குறுகியது, டூலோடு குழம்பாது. ஆனால் முன்பே ‘இசைக்கருவி’ என்று மொழிபெயர்த்த வரிகள் ஏராளம், அவற்றைக் கலைக்க மனமில்லை. ‘பிளேபேக்’ பற்றி இந்த இழையில் பேச வேண்டாம், தனியாக எடுத்துக்கொள்வோம். லில்லிபாண்ட் என்ற இசைக்குறியீட்டு மென்பொருளின் ஆவணத்தை மொழிபெயர்க்கும் நண்பருக்கு ஒரு குறிப்பு: அந்த மென்பொருளில் ஒலியாக்கியே கிடையாது, அது மிடி கோப்பை எழுதித் தரும், ஒலிப்பது வேறு நிரலின் வேலை. அந்த வாக்கியத்தை இனி நேராக எழுதலாம்.

‘ஒலியாக்கி’, ‘ஒலியுரு’, ‘ஒலித்துணுக்கு’ மூன்றிலும் நான் உறுதியாக இருக்கிறேன். ‘தொனி’யில் மட்டும் வேறு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் கேட்க விருப்பம். கீபோர்டும் ஒலிப்பதிவும் அன்றாடத் தொழிலாக உள்ளவர்கள் இக்குழுவில் இருக்கிறார்கள். நீங்கள் பேச்சில் எதைச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். வந்ததும் மேலே உள்ள மூன்றாவது செய்தியை அந்தச் சொல்லோடும் எழுதி அனுப்புகிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டுப் பட்டியலைப் பூட்டலாம்.

அன்புடன்.