உவர் ஏறிய வயலுக்கு ஜிப்சம் எவ்வளவு?

கடைமடை: வேதாரண்யம் பக்கம், கடலிலிருந்து 3 கி.மீ. களிமண், சம்பா மட்டும். கோடையில் வயலில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. மண் பரிசோதனை அட்டையில் பி.எச். (கார-அமில நிலை) 7.9, இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன்) 2.1. போர்த் தண்ணீரும் கரிக்கிறது. கிழக்கே ஒட்டி இறால் குட்டை. ஏக்கருக்கு ஜிப்சம் எவ்வளவு? போரை ஆழப்படுத்தலாமா?

மண்கண்: ஜிப்சம் வேண்டாங்க. அது களருக்கு, அதாவது பி.எச். 8.5-க்கு மேல் போன மண்ணுக்கு. உங்களுடையது உவர், உப்பைக் கழுவித்தான் வெளியேற்ற வேண்டும். 2.1-ஐ லேசாக நினைக்காதீர்கள். அட்டையில் இருப்பது ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து அளந்தது. உவர் வரம்பான 4, குழைத்த மண்ணைப் பிழிந்த சாற்றுக்கு. அந்தக் கணக்கில் நீங்கள் 4-ஐத் தாண்டியிருப்பீர்கள். நெல் விளைச்சல் 3-லிருந்தே குறையும்.

நடவுக்கு முன் ஆற்றுத் தண்ணீரோ மழையோ கிடைக்கும்போது, உழுது சமப்படுத்தி, வரப்பை உயர்த்தி அரையடி தண்ணீர் நிறுத்துங்கள். மேலாக வழியவிட்டால் மேல்உப்பு மட்டும்தான் போகும். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி வடிய வேண்டும். களியில் அது மெதுவாகத்தான் நடக்கும். அதனால் வயலைச் சுற்றி 2-3 அடி ஆழ வடிகால் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள், உப்பு போக இடமிருக்காது. அறுவடைக்குப் பிறகு வயலை வெறுமனே காயவிடாதீர்கள், அடிஉப்பு மேலே ஏறிவிடும். ஈரம் இருக்கும்போதே பசுந்தாள் உரமாக ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழுங்கள்.

ஊற்றுக்கண்: போரை ஆழப்படுத்தவே கூடாது அண்ணே. கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. இறைத்து மேல்மட்டம் ஓரடி இறங்கினால், அடியில் உப்பு மட்டம் சுமார் 40 அடி வரை ஏறக்கூடும். சின்ன மோட்டார் போட்டு, கொஞ்ச நேரம் இறைத்து, இடைவெளி விடுங்கள். பண்ணைக்குட்டை வெட்டி மழைநீரைப் பிடிப்பதுதான் நிலைக்கும் வழி.

இறால் குட்டைதான் காரணமா என்று பார்க்க, அதன் எல்லையிலும் வயலின் மறுகோடியிலும் மூன்றடிக் குழி தோண்டி, ஊறும் நீரின் இ.சி.யை அளங்கள். எல்லையில் மட்டும் அதிகமென்றால் கசிவு என்று கொள்ளலாம். குட்டைக்கும் வயலுக்கும் நடுவே தடுப்பு வடிகால் வெட்டும்படி குட்டைக்காரரிடம் சொல்லுங்கள். 2005 கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டப்படி இறால் பண்ணைக்குப் பதிவு கட்டாயம். மீன்வளத் துறையில் விசாரியுங்கள்.

நாற்றங்கால்: நெல் ரகம் கோ 43 பாருங்கள். திருச்சி (டி.ஆர்.ஒய்.) ரகங்கள் களருக்கானவை. உவரில் இளநாற்று கருகும். முற்றிய நாற்றாக, குத்துக்கு நான்கு நடுங்கள். தழைச்சத்து கால் பங்கு கூடுதல்.

கடைமடை: வடிகாலில் கடல் ஓதம் (அலையேற்ற நீர்) ஏறுகிறதே?

மண்கண்: வடிகால் வாயில் ஷட்டர் வேண்டும். ஓதம் வற்றும்போது திறந்து, ஏறும் முன் மூடணும். மழைக்காலத்தில் ஒருநாள் திறக்க மறந்தாலும் வயல் மூழ்கும். ஆகவே முறை வைத்துப் பார்க்க ஆள் வேண்டும். இதை வயல்காரர்கள் எல்லாரும் கூடித்தான் செய்ய முடியும்.