குளிர்காலத்தில் வேகாஸிலிருந்து கிராண்ட் கேன்யனுக்குக் காரில் போகிறவர்கள் கவனத்துக்கு

பாலைவனம்தானே என்று மெல்லிய ஜாக்கெட்டோடு கிளம்பிவிடாதீர்கள். லாஸ் வேகாஸ் 2,000 அடி உயரம், கேன்யனின் தெற்கு விளிம்பு 7,000 அடி. நாலரை மணி நேரத்தில், ஏறக்குறைய 280 மைலில் இந்த ஏற்றம் முழுவதும் வந்துவிடும்.

யுஎஸ் 93 நெடுஞ்சாலையில் கிங்மன் ஊர் வரை பெரும்பாலும் வெயிலும் ஜோஷுவா மரங்களும்தான். அதன்பின் ஐ-40 நெடுஞ்சாலையில் ஆஷ் ஃபோர்க் ஊரைத் தாண்டியதும் கவனம் தேவை. அங்கிருந்து வில்லியம்ஸ் போகும் 20 மைலுக்குள் சாலை சுமார் 1,600 அடி ஏறுகிறது. கீழே தூறிக்கொண்டிருந்தால் மேலே பனி கொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரிகள் சறுக்கிக் குறுக்கே நின்றுவிட்டால் மணிக்கணக்கில் நகர முடியாது. அதனால் கிங்மனிலேயே அரிசோனா 511 என்ற சாலைத் தகவல் சேவையில் நிலவரம் பார்த்து, டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். வழியில் மாட்டிக்கொண்டால் ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட வேண்டியிருக்கும்.

குளிர்காலத்தில் அரிசோனா கடிகாரம் வேகாஸை விட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். 11 மணிக்குக் கிளம்பினால் அங்கே சேரும்போது நாலரை. டிசம்பரில் ஐந்தேகாலுக்கே சூரியன் மறைந்துவிடும். இருட்டும் நேரத்தில் வில்லியம்ஸிலிருந்து கேன்யனுக்குப் போகும் 64-ஆம் சாலையில் எல்க் மான்கள் குறுக்கே வரும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று இருக்கும்.

*

கிளம்புமுன் பார்க்க வேண்டியவற்றில் டயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெப்பம் 5, 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். மேலே தங்கி விடிந்ததும் டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு எரிவது பெரும்பாலும் இதனால்தான். ஆனாலும் அளந்து பார்க்காமல் ஓட்டாதீர்கள். கண்ணாடி கழுவும் நீர் வெயில்கால வகையாக இருந்தால் குழாயிலேயே உறைந்துவிடும். உறையாத வகையை வேகாஸிலேயே ஊற்றிவிடுங்கள்.

ஆல் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. பாலத்திலும் மர நிழலிலும் தார் ஈரம்போல மின்னினால் அது கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியாக இருக்கலாம். குரூஸ் கன்ட்ரோலை அணைத்து, ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுங்கள். அதன்மேல் போகும்போது பிரேக்கை அழுத்த வேண்டாம்.

*

பிரைட் ஏஞ்சல் பாதையில் கேன்யனுக்குள் நடந்து இறங்குகிறவர்கள் ஷூவுக்கு மேல் மாட்டும் மைக்ரோஸ்பைக்ஸ் (சிறு முட்கள் கொண்ட ரப்பர் பட்டை) இல்லாமல் போகவே கூடாது. தெற்கு விளிம்பின் சுவர் வடக்கு பார்த்தது, குளிர்காலத்தில் மேல் வளைவுகளில் வெயில் சரியாக விழாது. ஆட்கள் மிதித்து இறுகிய பனி பகலில் லேசாக உருகி, இரவில் கண்ணாடியாக உறைகிறது. ஏறுவதை விட இறங்கும்போதுதான் வழுக்கும். ரப்பர் பட்டை தளர்வாக இருந்தால் முட்கள் பக்கவாட்டில் நழுவிவிடும், வீட்டிலேயே ஷூவோடு மாட்டிப் பாருங்கள். வெயில் வேண்டுமென்றால் சவுத் கைபாப் என்ற இன்னொரு நடைபாதையில் ஊ ஆ பாயின்ட் வரை 0.9 மைல் போகலாம். முகடோடு போவதால் அங்கே பனி சீக்கிரம் கரையும். தொடக்கத்து வளைவுகளில் மட்டும் அதே பனிக்கட்டிதான்.

*

வடக்கு விளிம்பைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள், பனிக்காலத்தில் அங்கே போகும் 67-ஆம் சாலையை வண்டிகளுக்கு மூடிவிடுவார்கள். அதற்கு ஈடாக, மற்ற மாதங்களில் பேருந்து மட்டும் ஓடும், தெற்கு விளிம்பை ஒட்டிய ஹெர்மிட் சாலையில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சொந்த வண்டியிலேயே போகலாம். மேகம் கேன்யனை நிரப்பி எதுவும் தெரியாவிட்டால் உடனே திரும்பிவிடாதீர்கள். சில மணி நேரத்தில் விலகக்கூடும், எனவே ஒரு இரவாவது மேலே தங்குவதுபோல் திட்டமிடுங்கள்.